வீடு நிறைய முட்டை

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். உட்கார இடமில்லை.

நாற்காலிகளின் மேல் முட்டைத் தட்டுகள். தையல் மெஷின் மேல் முட்டைத் தட்டுகள். டிவி அலமாரியின் கீழடுக்கில், சாமி படங்களுக்கு நேர்கீழே தரையில், சமையலறைக்குப் போகும் வழியில் சுவரோரமாக, எங்கும் முட்டை. ஒருக்களித்து நடந்தால்தான் ஓர் ஆள் போகலாம்.

உள்ளறையில் வீரப்பன் ஐயா நோயில் கிடந்த இரும்புக் கட்டில் இருந்தது. அவர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, கட்டில் பலகையின் மேலும் தட்டுகளை அடுக்கியிருந்தாள் அவருடைய மருமகள் விமலா.

"உக்காருங்க மேடம்," என்றாள்.

சொல்லிவிட்டுத்தான் சுற்றிலும் பார்த்தாள். ஒரு நாற்காலியிலிருந்த தட்டுகளை அள்ளித் தூக்கினாள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பரவால்ல விமலா. நான் நின்னுக்கறேன்."

வெளியே கொட்டகையில் ஒரு கோழி கொக்கரித்தது. உடனே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க அதே சத்தம்.

"லைசன்ஸ் முடிஞ்சுபோனது அதுங்களுக்குத் தெரியாதுல்ல," என்றாள் விமலா. சிரிக்க முயன்று, முடியாமல், தட்டுகளை மறுபடி அதே நாற்காலியில் வைத்தாள்.

ஒரு வாசகியின் கேள்வி

கடந்த இதழில், பரிசோதனைக்குப் போன எங்களை ஒரு பண்ணைக்காரர் வாத்துகளை ஏவி விரட்டிய கதையை எழுதியிருந்தேன். பலர் சிரித்ததாகச் சொன்னார்கள். ஷா ஆலமிலிருந்து ஒரு வாசகி மட்டும் வேறொன்று கேட்டார். "நீங்க மூடின பண்ணை ஏதாச்சும் இருக்கா? அதப் பத்தி எழுதவே மாட்டேங்கறீங்களே."

இருக்கிறது. மூடினேன் என்று சொல்ல முடியாது. மூடப்பட்டபோது அங்கே நின்றிருந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முட்டைக்கு இன்ஸ்பெக்டரா?

என் வேலையை உறவினர்களுக்கு விளங்கவைப்பது எப்போதுமே கஷ்டம். கல்யாண வீடுகளில் யாராவது கேட்பார்கள். கோழிப் பண்ணைகளைப் பார்வையிடுகிறேன், முட்டை விற்பவர்களைப் பதிவு செய்கிறோம் என்பேன். "முட்டைக்கு இன்ஸ்பெக்டரா?" என்று ஒரு சிரிப்பு எழும். என் சித்தப்பா ஒருவர், பந்தியில் பிரியாணி முட்டையைக் கையில் எடுத்து, "புவனா, இது பாஸா பெயிலா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவார்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அந்தக் குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. அம்மா முட்டை வாங்கி வந்தால் ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மூழ்கினால் சமையல், மிதந்தால் குப்பை. அதுதான் நான் பார்த்த முதல் முட்டைப் பரிசோதனை. அதற்குக் கட்டணம் கிடையாது.

அரசாங்கத்துக் கணக்கு அவ்வளவு எளிதல்ல. குறிப்பிட்ட அளவுக்கு மேல் கோழி வளர்த்து முட்டை விற்பவர் யாராக இருந்தாலும் மாநிலத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பரிசோதனைக் கட்டணம் கட்டவேண்டும். நாங்கள் போய் கொட்டகை, தண்ணீர், தீவனம், எச்சம் கொட்டும் குழி, முட்டை வைக்கும் அறை எல்லாவற்றையும் பார்ப்போம். இருட்டறையில் விளக்கின் முன்னே முட்டையைப் பிடித்து உள்ளே பார்ப்போம். எல்லாம் சரியென்றால் ஒரு பதிவு எண். அந்த எண் இல்லாத முட்டையைக் கடைக்காரர் வாங்கினால், மாட்டிக்கொள்பவர் கடைக்காரர்.

இதையெல்லாம் வீண் தொந்தரவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விருந்தில் சாப்பிட்டவர்கள் வரிசையாக ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தேன். எங்கிருந்து வந்த முட்டை என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் வயிற்றைத் தடவிக்கொண்டே, "எந்தக் கடன்காரன் வித்தான்னாச்சும் சொல்லுங்க," என்று எங்களைக் கேட்டார். அதற்குப் பிறகு பதிவு இல்லாத பண்ணை என்றால் எனக்கு மனம் இளகியதே இல்லை.

விமலாவின் பண்ணைவரை.

மாமனாரும் மருமகளும்

கிள்ளானிலிருந்து மேரு போகும் பாதையில், செம்பனைத் தோட்டம் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அது. வீரப்பன் ஐயா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது கிடைத்த பணத்தையும் சேமநிதியையும் போட்டு அந்த நிலத்தை வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டார். பெரிய பண்ணை என்று சொல்ல முடியாது. ஆனால் பதிவு செய்யாமல் விடக்கூடிய அளவு சின்னதும் இல்லை.

முதல்முறை நான் போனபோது கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீர் தொட்டி இருந்தது. காலணியை நனைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். பல பண்ணைகளில் நாங்கள் வருவது தெரிந்தபின்தான் அதில் தண்ணீர் ஊற்றுவார்கள். இங்கே தொட்டியின் விளிம்பில் பழைய மருந்தின் வெள்ளைக் கறை படிந்திருந்தது. தினமும் ஊற்றுகிறார்கள் என்று புரிந்தது.

"அவதாம்மா," என்றார் ஐயா, உள்ளே முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டி. "தொட்டியில கால வைக்காம நானே போனாலும் விடமாட்டா. எங்க பண்ணையில எனக்கே இன்ஸ்பெக்ஸன்."

விமலா அவருடைய இளைய மகன் சிவாவின் மனைவி. கல்யாணமாகி நான்காம் வருடம், பெடரல் ஹைவேயில் மோட்டார் சறுக்கி சிவா இறந்துபோனான். பிள்ளை இல்லை. மாமியார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். காரியம் முடிந்ததும் சித்தியவானிலிருந்து அண்ணன்காரன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து அவளைக் கூப்பிட்டான்.

இதை விமலாதான் பிறகொரு நாள் எனக்குச் சொன்னாள். "துணியெல்லாம் பேக்குல வச்சிட்டேன் மேடம். மாமா வாசல்ல நின்னாரு. 'போறதுன்னா போம்மா, யாரும் தப்பா பேசமாட்டாங்க. இருக்கறதுன்னா இது உன் வூடு'ன்னு சொல்லிட்டு கொட்டாய்க்குப் போய்ட்டாரு. நான் பின்னாடியே போய்ப் பாத்தேன். அவருக்குக் கை நடுங்கி முட்டையெல்லாம் கீழ விழுது. நான் கூடைய வாங்கிக்கிட்டேன். அவ்ளோதான். அண்ணன் தனியா போய்ட்டான்."

இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் சண்டை போடுகிறார்கள் என்றே தோன்றும். ஐயா பெரிய முட்டையையெல்லாம் ஏ கிரேட் தட்டில் வைப்பார். அவள் எடைபோட்டு இரண்டைத் தூக்கி பி-யில் வைப்பாள். அவர் அவள் திரும்பும் நேரம் பார்த்து மறுபடி ஏ-யில் வைப்பார். "மாமா, மேடம் முன்னாடியே களவாணித்தனம் செய்றீங்களா?" என்பாள். அவர் சின்னப் பிள்ளைபோல் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எனக்கும் அப்பா இருந்தார். ரயில்வே கிராணி, கணக்கெழுதும் வேலை. வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அந்தப் பண்ணைக்கு ஆய்வுக்குப் போகும் நாள்களில் கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் ரயில் ஏறும்போதே மனம் லேசாக இருக்கும். அது ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

நல்ல நாள்

பதிவு வீரப்பன் ஐயாவின் பெயரில் இருந்தது. அது அந்த ஆளுக்கு மட்டுமே உரியது. அவருக்குப் பிறகு யாருக்கும் தானாகப் போகாது. ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது நான் ஐயாவிடம் இதைச் சொல்வேன்.

"உங்களுக்கு வயசாகுது ஐயா. விமலா பேர்லயே மாத்திடுங்க. நிலத்துக்காரர் நீங்க. ஒரு சம்மதக் கடிதம் குடுத்தா போதும்."

"செஞ்சிடுவோம்மா. தைப்பூசம் முடியட்டும்."

அடுத்த வருடம் சொன்னேன். "ஆடி மாசமா இருக்கே, நல்ல நாள் பாத்து செஞ்சிடுவோம்," என்றார். அவருக்கு அவள்மேல் சந்தேகம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தன் பெயர் இல்லாத பண்ணையைக் கற்பனை செய்ய அவரால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பிறகு ஒரு காலை, தீவன மூட்டையைத் தூக்கும்போது விழுந்தார். ஒரு பக்கம் செயலிழந்தது. பேச்சும் போயிற்று.

விமலா அவரையும் பார்த்துக்கொண்டு கோழிகளையும் பார்த்துக்கொண்டாள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தாள், கொட்டகை அவர் கண்ணில் படும்படி. நான் ஒருமுறை பார்க்கப் போனபோது அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்து மூடியது. விமலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி விமலாவைப் பார்த்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று மூவருக்கும் தெரியும். கடிதம் எழுதிக் கைநாட்டு வாங்கலாமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டேன். பேச முடியாத நோயாளியிடம் வாங்கியது நாளைக்கு வழக்கு என்று வந்தால் நிற்காது என்றார்கள். அதில் தவறு சொல்ல முடியாது.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். விமலா அப்போது தீவனம் போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் சரியாக இருந்தது

கருமாதி முடிந்த மறுவாரம் அவள் அலுவலகக் கவுண்டருக்கு வந்தாள். தன் பெயரில் புதிய பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தாள். பரிசோதனைக் கட்டணத்தைக் கட்டினாள். அது திருப்பித் தரப்படாத கட்டணம். கவுண்டர் பெண் அதைச் சொன்னபோது, "தெரியும் சிஸ்டர், இத்தன வருசமா நான்தானே வந்து கட்றேன்," என்றாள்.

ஆய்வுக்கு நான்தான் போனேன். தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருந்தது. கூண்டுகளுக்குக் கீழே எச்சம் அன்றாடம் வாரப்பட்டிருந்தது. குடிநீர்க் குழாய்களில் பாசி இல்லை. ஈ இல்லை. நான் எடுத்துப் பார்த்த ஒவ்வொரு முட்டையும் வெளிச்சத்தில் தெளிவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் 'தகுதி' என்று எழுதினேன்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. நிலம் அவளுடையது அல்ல. நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். வீரப்பன் ஐயாவின் சொத்துக்கு இனி வாரிசு, மூத்த மகன் மோகன்.

மோகன்

அவரைப் பற்றி நான் மோசமாக எழுதவேண்டும் என்று வாசிப்பவர்கள் எதிர்பார்க்கலாம். அப்படி எழுத முடிந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

மோகன் பூச்சோங்கில் குடியிருந்தார். போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. ஒருநாள் மதிய உணவு நேரத்தில் கம்பெனிச் சட்டையோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். பண்ண அவங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா அப்புறம் நெலத்த விக்க முடியாதுன்னு சொல்றாங்களே?"

"பண்ணைப் பதிவு வேற, நிலம் வேற மோகன். விக்கறது உங்க உரிமை. அதுல நாங்க தலையிட முடியாது."

"லாயர் அப்படிச் சொல்லல மேடம். லைசன்ஸோட ஒருத்தர் உக்காந்துட்டா எழுப்பறது கஷ்டம்ன்னாரு. வாங்கற பார்ட்டியும் காலி நெலமாத்தான் வேணுங்கறான்."

"இப்பவே விக்கணுமா?"

அவர் மேசையிலிருந்த என் ஸ்டேப்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"என் வீட்டுக்காரி தேவிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. டயாலிசிஸ் ஓடுது. டாக்டர் மாத்தலாம்ங்கறாரு, அவ தம்பி குடுக்கறேன்னு சொல்றான். கையில காசு இல்ல மேடம். வீடு ஏற்கனவே பேங்க்ல இருக்கு."

மேசைமேல் திறந்திருந்த கோப்பை மூடினேன்.

"விமலா எங்கப்பாவுக்கு நான் செய்யாததெல்லாம் செஞ்சா. அது எனக்குத் தெரியும் லா. அவள வெளிய தள்ளணும்ன்னு எனக்கு ஆசையா? அப்பா இருந்தப்பவே கையெழுத்துப் போட்டு வச்சிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்." எழுந்துகொண்டார். "நெலம் வித்ததும் அவளுக்கும் ஏதாச்சும் குடுப்பேன். சத்தியமா குடுப்பேன் மேடம்."

அவர் போனபிறகு என் ஸ்டேப்ளர் தலைகீழாகக் கிடந்தது. அதை நிமிர்த்தி வைத்தேன்.

ஒரு பக்கம் ஒரு பெண்ணின் உயிர். இன்னொரு பக்கம் இன்னொரு பெண்ணின் வாழ்க்கை. நடுவில் எங்கள் விண்ணப்பத்தில் நிரப்பப்படாமல் இருந்த ஓர் இடம்.

சும்மா கொடுக்கலாமா?

அந்த வருடங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முட்டைக்குத் தட்டுப்பாடு. சூப்பர் மார்க்கெட்டில் ஆளுக்கு ஒரு தட்டுக்கு மேல் கிடையாது என்று அட்டை தொங்கியது. பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் உணவுக்கடையில் முட்டை தோசை இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அதையும் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அதே நேரத்தில்தான் விமலாவின் வீட்டில் முட்டை நிறைந்துகொண்டிருந்தது.

வழக்கமாக எடுக்கும் கிள்ளான் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். "நம்பர் இல்லாம எடுக்க முடியாதுக்கா. செக்கிங் கடுமையா இருக்கு. எனக்கும் குடும்பம் இருக்குல்ல," என்று கெஞ்சும் குரலில் சொன்னாராம். வாசலுக்கே வந்து கேட்டவர்களுக்கும் அவள் விற்கவில்லை. ஒருவர் இரட்டை விலை தருகிறேன் என்றார். "லைசன்ஸ் வரட்டும் அங்கிள்," என்று அனுப்பிவிட்டாள்.

ஒருநாள் தீனியைக் குறைத்துப் பார்த்திருக்கிறாள், முட்டை குறையுமே என்று. கோழிகள் கூண்டுக் கம்பியைக் கொத்திக்கொண்டு கத்தியதைத் தாங்க முடியாமல் மறுநாளே பழையபடி போட்டுவிட்டாள்.

அப்போதுதான் நான் போனேன். முதலில் சொன்னேனே, உட்கார இடமில்லாமல் நின்றது, அந்த நாள்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றாள். "விக்கத்தானே கூடாது. சும்மா குடுக்கலாமா? அதுக்கும் லைசன்ஸ் வேணுமா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சட்டத்தை மீறிவிடக் கூடாது, மீறினால் பிறகு பதிவு கிடைக்காமல் போய்விடும் என்ற பயம் அதில் இருந்தது. இன்னும் நம்பிக் கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியவில்லை. மேலதிகாரிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் மலாய்க்காரர், ஓய்வுபெற இருந்தவர். "கொடுக்கட்டும்," என்றார் நான் சொல்லி முடித்ததும். "கொடுப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை."

அன்று மத்தியானமே கொடுக்க ஆரம்பித்தாள். முதியோர் இல்லம், தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைகள் காப்பகம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து வீடுகள், மோட்டார் பழுதுபார்க்கும் சீனர். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, காக் சோம், பணத்தைக் கையில் திணித்தார். விமலா வாங்கவில்லை. "காசு வாங்கினா வியாபாரமாயிடும் காக்," என்று மலாயில் சொன்னாள். காக் சோம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அரசாங்கச் சட்டையில் இருந்தேன்.

லோரி வந்த நாள்

கொடுத்துக்கொண்டே இருக்கலாம். தீவனம் யாரும் சும்மா கொடுக்கமாட்டார்கள். சிவா கட்டிய தாலியை அடகு வைத்தாள் என்று பிறகு தெரிந்தது. அதுவும் தீர்ந்தது. மோகன் கடிதம் தரவில்லை. விண்ணப்பத்தின் காலக்கெடு முடிந்தது.

செலாயாங்கிலிருந்து கோழி வியாபாரி லோரியோடு வந்தார். பதிவில்லாத பண்ணை காலியாகிவிட்டது என்று நேரில் பார்த்து எழுதவேண்டியது எங்கள் வேலை. வேறொருவரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். தெரியாத முகம் ஒன்று அங்கே நிற்பதைவிட நானே போவது மேல் என்று போனேன்.

முட்டையிடும் பருவத்தில் உச்சத்தில் இருந்த கோழிகள். கறிக்காக, கிழட்டுக் கோழி விலைக்குப் போயின. லோரி ஆட்கள் கால்களைப் பிடித்துக் கொத்தாகத் தூக்கினார்கள். "அண்ணே, அப்படித் தூக்காதீங்க, றெக்க ஒடைஞ்சிடும்," என்று விமலா சொன்னாள். அவர்கள் நல்லவர்கள், கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், இரு கைகளாலும் அணைத்து. கடைசிக் கூண்டை லோரியில் ஏற்றியபோது உள்ளே ஒரு கோழி முட்டையிட்டிருந்தது. கம்பி இடுக்கில் அது உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

லோரி போனபின் விமலா குழாயைத் திறந்து கொட்டகையைக் கழுவத் தொடங்கினாள். கூண்டுகளைத் தேய்த்தாள். தரைக்கு மருந்து தெளித்தாள். வாசல் தொட்டியில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றினாள்.

"யாரு வந்து பாக்கப்போறா விமலா?" என்றேன்.

"நீங்க வந்திருக்கீங்களே மேடம்."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இன்னொரு துடைப்பத்தை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. இருவரும் கழுவி முடித்தோம். தீவன மூட்டைகள் இருந்த திட்டில் உட்கார்ந்தோம். ஈரத் தரையிலிருந்து மருந்து வாசனை எழுந்தது.

காலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"சத்தமே இல்லக்கா."

அதுவரை என்னை மேடம் என்றுதான் அழைத்திருந்தாள். பிறகு அவள் அழுதாள். கணவனுக்கும் மாமனாருக்கும் சேர்த்து அன்றுதான் அழுதாள் என்று நினைக்கிறேன். என் சட்டையில் இருந்த அரசாங்கச் சின்னம் அவள் நெற்றியில் குத்துமே என்று, அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்தி என் தோளில் வைத்துக்கொண்டேன்.

பிறகு

நிலம் உடனே விலைபோகவில்லை. வாரிசுரிமைப் பத்திரம் இழுத்தடித்தது. வாங்க வந்தவர் பின்வாங்கினார். அடுத்தவர் விலையைக் குறைத்தார். பணம் வருவதற்குள் தேவி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு மோகன் நிலத்தை விற்கவே இல்லை. அந்த நிலத்தில் இன்றும் லாலாங் புல்தான் மண்டிக் கிடக்கிறது. ஆகமொத்தத்தில் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

விமலா அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். முதலில் பாத்திரம் கழுவினாள். இப்போது சமையலறை அவள் பொறுப்பு. நான் ஓய்வுபெற்ற பிறகு காலை வேளைகளில் அங்கேதான் போய் உட்காருகிறேன். பண்ணையைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

சென்ற வருடம் மோகன் எனக்குப் போன் செய்தார். விமலாவைப் பார்க்கவேண்டும் என்றார். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனில் போய் அழைத்துக்கொண்டேன். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். நிலத்தில் பண்ணை நடத்த விமலாவுக்கு முழுச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். "மோகன், விதியெல்லாம் மாறிப்போச்சு. இனிமே புதுசா ஆரம்பிக்கணும்ன்னா மூடின கொட்டகை, பேன், மெஷின் எல்லாம் வேணும். பக்கத்துல வீடுங்க வேற வந்திடுச்சு. இந்தக் கடிதம் இப்ப உதவாது."

"தெரியும் மேடம். விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்," என்றார். "இருந்தாலும் குடுக்கணும்."

கடையில் காலை நேரக் கூட்டம் அடங்கியிருந்தது. விமலா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். மோகன் எழுந்து நின்று கடிதத்தை நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். மெதுவாக, கடைசிவரை. பிறகு கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கையெழுத்து மாமா கையெழுத்து மாரியே இருக்கு அத்தான்," என்றாள்.

மோகன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் தங்கள் காப்பியைக் கலக்கினார்கள்.

"என் மேல கோவம் இல்லியாமா உனக்கு?"

"இருந்துச்சு. லோரி வந்த அன்னிக்கு ரொம்ப இருந்துச்சு." அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். "அப்புறம் தேவி அக்காவும் போய்ட்டாங்க. அதுக்கப்புறம் யார் மேல கோவப்படறது?"

விமலா உள்ளே போய் ஓர் இலையைக் கொண்டுவந்து அவர் முன்னே விரித்தாள். தண்ணீர் தெளித்து, தன் கையாலேயே துடைத்தாள்.

"காலையில பசியாறிட்டீங்களா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"அப்ப கைய கழுவிட்டு வாங்க," என்றாள். அவர் எழுந்து போய்க் கழுவிக்கொண்டு திரும்பிவரும்வரை, இலை காற்றில் பறக்காமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.